தெருவும் கோவிலும் படிப்பும் சேர்த்த ஜோடிகள்

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் கல்யாணம் செய்துகொள்ள அரசு உரிமம் வேண்டும். விண்ணப்பத்தில் இருவருடைய முகவரியையும் எழுத வேண்டும். 1931இல் வந்த விண்ணப்பங்களில் 5,000ஐ எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வீடு எத்தனை பிளாக் (இரு குறுக்குத் தெருக்களுக்கு இடைப்பட்ட தூரம்) என்று கணக்குப் பார்த்தார் சமூகவியலாளர் ஜேம்ஸ் பொசார்ட். மூன்றில் ஒரு பங்கு ஜோடிகளின் வீடுகள் ஐந்து பிளாக்குகளுக்குள் இருந்தன. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தத் தூரம் இருபது பிளாக்குகளைத் தாண்டவில்லை.

இத்தாலியர்கள் ஒரு பக்கம், போலந்துக்காரர்கள் இன்னொரு பக்கம் என்று குடியேறிய நகரம் அது. பக்கத்துத் தெருவில் பெண் எடுத்தவர் பெரும்பாலும் தம்முடைய மொழிக்கும் வருமானத்துக்கும் உள்ளேயே பெண் எடுத்தார். காதல் கல்யாணம்தான், ஆனால் யாரைச் சந்திக்க முடியும் என்பதைக் குடியிருப்பு முன்பே தீர்மானித்திருந்தது.

அடுத்த ஆய்வுகள் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் நடந்தன. 1870 முதல் 1940 வரையிலான திருமணங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ரூபி ஜோ ரீவ்ஸ் கென்னடி, 1944இல் ஒரு முக்கியமான மாற்றத்தை எழுதினார். எந்த நாட்டிலிருந்து வந்தவர் என்ற வேலி தளர்ந்துவந்தது; ஆனால் புராட்டஸ்டன்டு, கத்தோலிக்கர், யூதர் என்ற மூன்று வட்டங்கள் கலையவில்லை. அதே நகரத்தில் சமூகவியலாளர் ஆகஸ்ட் ஹாலிங்ஸ்ஹெட் 1950இல் வெளியிட்ட ஆய்வில் 91 சதவீத ஜோடிகள் ஒரே மதத்தினர். வயதும் வசிக்கும் பகுதியின் தரமும் படிப்பும்கூடப் பொருந்தியிருந்தன. கறுப்பர்-வெள்ளையர் கலப்புத் திருமணத்துக்கோ பல மாநிலங்களில் சட்டமே தடையாக இருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது 1967இல்தான்.

ஜோடியின் படிப்பு பொருந்தியிருந்தாலும், வேலை விஷயத்தில் பெண்களுக்கு நேர்ந்தது வெளிப்படையான அநீதி. 1942இல் அமெரிக்கப் பள்ளி வாரியங்களில் 87 சதவீதம் மணமான பெண்களை ஆசிரியைகளாகப் புதிதாக நியமிக்க மறுத்தன என்கிறார் பொருளாதார வரலாற்றாளர் கிளாடியா கோல்டின். படித்த பெண் கல்யாணம் செய்துகொண்டால் பல இடங்களில் சம்பளத்தை விட வேண்டும் என்ற நிலை. அந்தக் காலத்தில் மனைவியின் பட்டம் குடும்ப வருமானத்தைப் பெரிதாக உயர்த்தாததில் வியப்பில்லை.

இந்தத் தடைகள் விலகி, பெண்கள் பட்டத்தோடு வேலைக்கும் போகத் தொடங்கியபோது கணக்கு மாறியது.

சமூகவியலாளர்கள் கிறிஸ்டின் ஷ்வார்ட்ஸ், ராபர்ட் மேர் இருவரும் 1940 முதல் 2003 வரையிலான அமெரிக்கத் தரவுகளைப் பரிசீலித்து 2005இல் எழுதினார்கள். சம படிப்புள்ளவர்கள் மணப்பது 1940க்கும் 1960க்கும் இடையே குறைந்து, அதன் பிறகு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. இரு பட்டதாரிகள் சேர்ந்த வீட்டில் இரண்டு நல்ல சம்பளம்; பள்ளிப் படிப்பை முடிக்காத இருவர் சேர்ந்த வீட்டில் இரண்டு குறைந்த கூலி. அந்த ஆய்வில் மிகவும் கவலை தரும் செய்தி அடித்தட்டைப் பற்றியது: மிகக் குறைந்த படிப்புள்ளவர்கள் தங்களைவிட அதிகம் படித்தவரை மணக்கும் வாய்ப்பு 1970களிலிருந்து சுருங்கியிருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் திறந்துவைத்திருந்த வழி ஒன்று இப்படி அடைபட்டு வருகிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் அவர்களுக்கு இடம் கிடைக்கச் செய்வதன் அவசரம் அதனால் இன்னும் கூடுகிறது.