அச்சில் வார்த்த இறுவட்டும் எழுதிய இறுவட்டும்

1982 ஆகஸ்ட் 17ஆம் திகதி ஜேர்மனியின் ஹனோவர் நகருக்கு அருகிலுள்ள லாங்கன்ஹாகன் தொழிற்சாலையில், விற்பனைக்கான முதல் இசை இறுவட்டுகள் வார்க்கப்பட்டன. கண்ணாடித் தட்டில் லேசரால் பொறித்த மூலத்திலிருந்து நிக்கல் அச்சு எடுப்பர். உருகிய பொலிகார்பனேற்றை அதில் அழுத்தி வார்த்து, மேலே அலுமினியப் படலமும் காப்புப் பூச்சும் இடுவர். பத்துப் பிரதி வேண்டினும் பத்தாயிரம் வேண்டினும் அந்த அச்சுக்கான செலவு ஒன்றே. ஆகவே பெரு நிறுவனங்களுக்கு அது மலிவு; சிறு வெளியீட்டாளருக்கோ எட்டாக்கனி.

1988இல் யப்பானின் தையோ யூடன் நிறுவனம் எழுதக்கூடிய இறுவட்டை அறிமுகம் செய்தது. சாயப் படலத்தை லேசர் சூட்டால் மாற்றித் தரவைப் பதியும் முறை இது, அச்சே தேவையில்லை. ஆங்கில வழக்கை ஒட்டி இதனை 'எரித்தல்' என்போரும் உளர். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த என் தலைமுறைக்கு அச்சொல் எளிதில் நாவில் வருவதில்லை.

ஐம்பது, நூறு பிரதிகளுக்கு எழுதுவதே சிக்கனம். நம்மவரின் பாடல் தொகுப்புகளும் விழாப் பதிவுகளும் பல இவ்வாறே வெளிவந்ததை நான் கண்டிருக்கிறேன். ஆனால் மலிவுக்கு ஒரு விலை இருந்தது. சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் சிதையும். வார்த்த வட்டிலோ தரவு நெகிழியில் குழிகளாகவே நிற்கிறது. அலுமினியப் படலம் அரிக்கப்படாதவரை அதனை வாசிக்கலாம்.

அதனால் எழுதிய வட்டில் மட்டுமே எஞ்சியிருக்கும் ஈழத்துப் பதிவுகளே இன்று அவசரமானவை. உங்கள் அலுமாரியில் பேனாவால் பெயரெழுதிய இறுவட்டு ஏதும் கிடந்தால், அதனை முதலில் வன்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். கடையில் வாங்கியவற்றை ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம்.