வெறுங்குளம்பும் தகடூர் நிலமும்

அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி என்பது அறிஞர் பலரும் ஒப்பிய முடிபாகும். அவனது ஈகையையும், அவன் ஔவையார்க்கு ஈந்த நெல்லிக்கனியையும் நாம் பேசிய அளவுக்கு அவன் படைக் குதிரைகளைப் பற்றிப் பேசியதில்லை. வரலாற்றுக் கவிதையும் நாடகமும் எழுதுவோர் சங்ககாலக் குதிரை வரும் இடமெல்லாம் இலாடத்தின் ஓசையை எழுப்பிவிடுகின்றனர். அக்குதிரைகளின் காலில் உண்மையில் இலாடம் இருந்ததா? சிறு வினாவாகத் தோன்றினும், ஔவையாரின் பாடல் ஒன்றைச் சரியாகப் படிப்பதற்கு இதன் விடை இன்றியமையாதது.

பாடல் தரும் சான்று

புறநானூற்றின் 97ஆம் பாடலில் ஔவையார் அதியமானின் படையை நான்கு உறுப்புகளாக நிறுத்திக் காட்டுகிறார். பகைவர் மதிலை அழித்து, ஊனில் மூழ்கி, வாள்கள் உருக் குலைந்தன. பகைவர் நாட்டை நைத்த வேல்களின் காம்பும் மூட்டுவாயும் கலங்கி நிலைதிரிந்தன. கோட்டைக் கதவுகளை மோதிய களிறுகளின் கொம்பில் இறுக்கிய பூண்கள் கழன்றன. நான்காவதாக வருவது குதிரை. வீரர்களின் மார்பில் கிடந்த தார் சிதைய மிதித்தோடியதால் அதன் குளம்பில் கறை படிந்தது என்கிறார்.

இவ்வரிசை ஊன்றி நோக்கத்தக்கது. வாளும் வேலும் கொல்லன் வடித்தவை. களிற்றின் கொம்பிலோ பூண் உண்டு. இம்மூன்றிலும் கைவினைஞர் ஆக்கித் தந்த பொருளே சிதைகிறது. குதிரைக்கு வரும்போது அத்தகைய பொருள் எதுவும் கூறப்படவில்லை. உடலின் உறுப்பாகிய குளம்பே போரின் அடையாளத்தை ஏற்கிறது. களிற்றின் பூண் கழன்றதைக் காணத் தவறாத புலவர், குதிரையின் காலில் இரும்பு இருந்திருப்பின் அது தேய்ந்ததையோ தெறித்ததையோ காணாமல் விட்டிருப்பாரா?

இரும்புக்குத் தகடூரில் பஞ்சமில்லை. புறநானூற்றின் 95ஆம் பாடலில், தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசிப் பொலிய, அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாக ஔவையார் கூறுகிறார். 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் அடங்கியிருந்த மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. ஆகவே இரும்பும் கொல்லனும் இருந்தும் இலாடம் இல்லை என்பதே நாம் கருதவேண்டியது.

உலக வரலாற்றில் இலாடம்

இது தமிழர்க்கு மட்டும் உரிய நிலை அன்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்கர் செனபோன், கைக்கு அடங்கும் உருண்டைக் கற்களை வண்டிக்கணக்கில் பரப்பி அவற்றின்மேல் குதிரையை நிறுத்தினால் குளம்பு உறுதிப்படும் என்றார். உரோமர் தேவையான வேளையில் குளம்பில் கட்டி அவிழ்க்கும் உறையைப் பயன்படுத்தினர். ஆணி அடித்துப் பொருத்தும் இலாடத்துக்கு ஐரோப்பாவில் ஐயமற்ற சான்றுகள் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளிலிருந்தே பெருகுகின்றன. சங்ககாலம் அதற்குப் பன்னூறு ஆண்டுகள் முற்பட்டது.

செனபோன் வண்டியிலேற்றிக் கொணரச் சொன்ன கல்லைத் தகடூரில் இயற்கையே பரப்பி வைத்திருந்தது. வறண்ட செம்மண்ணும் பாறைச் சரிவும் குன்றுகளுமாகிய இந்நிலத்தில் ஓடிப் பழகிய குதிரைக்கு மண்ணே கவசம் ஆகியிருக்கும். குளம்பு நகத்தைப் போல் வளர்வது. திங்களுக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். வளர்ச்சியும் தேய்மானமும் ஒத்துச் செல்லும் நிலத்தில் இரும்பின் தேவை எழுவதில்லை. ஈரநிலத்தில் குளம்பு மென்மையுறும்.

வெறுங்குளம்பு என்பது கவனிப்பின்மையும் அன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கடல்வழிக் குதிரைகளை வாங்கியும், பேணும் முறை அறியாமையால் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை என்று எழுதினார். அவர் கூற்றில் மிகை இருக்கலாம். எனினும், குதிரையை வாங்குதல் வேறு, அதனை நிலத்தோடு பொருத்தி வளர்த்தல் வேறு என்பது அதனால் புலனாகிறது.

இரும்பு வந்தபின்

1792-இல் பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவரின்கீழ் தாமஸ் மன்றோவும் இங்கு நிலவரி வகுத்தனர். பின்னர்க் கப்பிச் சாலைகள் பெருகின. கல் பரப்பி இறுக்கிய சாலையில் நாள்முழுதும் வண்டி இழுக்கும் விலங்கின் குளம்பு, வளர்வதினும் விரைந்து தேயும். குதிரைக்கு வளைந்த ஒற்றை இரும்பும், குளம்பு பிளவுபட்ட மாட்டுக்கு ஒரு காலுக்கு இரு தகடுகளும் அடித்தனர். சந்தைகளில் மாட்டைக் கயிற்றால் வீழ்த்தி இலாடம் கட்டுவோரை நம் தலைமுறையினர் பலரும் கண்டிருப்பர்.

ஆனால் இலாடமே முடிந்த முடிபு என்று எல்லாரும் ஏற்கவில்லை. கால் ஊன்றும்போது குளம்பு சற்றே விரிந்து, தூக்கும்போது சுருங்கும். ஆணி அடித்த இரும்பு அவ்வசைவைத் தடுக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலக் கால்நடை மருத்துவர் பிரேசி கிளார்க் வாதிட்டார். இலாடத் தொழிலாளியாகவே இருந்த அமெரிக்கர் ஜெய்மி ஜாக்சன், 1980களில் வறண்ட மேட்டுநிலக் காட்டுக் குதிரைகளை ஆராய்ந்து, அவற்றின் இலாடமற்ற குளம்புகள் உறுதியாக இருப்பதை 1992-இல் நூலாக வெளியிட்டார். இன்று பல நாடுகளில் குதிரைகளை இலாடமின்றி வளர்க்கும் முறை பரவிவருகிறது. தார்ச்சாலையில் பாரம் இழுக்கும் குதிரைக்கு இம்முறை அவ்வாறே பொருந்தும் எனல் இயலாது. நிலமும் வேலையும் நோக்கியே இதனை முடிவுசெய்தல் வேண்டும்.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

இலாடத்தை அகற்றிவிட்டு 97ஆம் பாடலை மீண்டும் படித்தல் வேண்டும். குதிரைக்கும் களத்துக்கும் இடையில் எதுவும் இல்லை. குருதியும் தாரின் சிதைவும் உயிருள்ள குளம்பில் நேரே படிகின்றன. இரும்பில் படிந்த கறையைக் கொல்லன் தட்டி நீக்கலாம். தேய்ந்த இரும்பை மாற்றலாம். குளம்பில் ஏறிய கறை அக்குளம்பு வளர்ந்து தேயுமட்டும் குதிரையோடே நடக்கும். போரின் வெற்றியைப் பாடவந்த ஔவையார் அதன் விலையையும் இங்கே சொல்லிவிடுகிறார்.

ஆகவே, தகடூர்க் குதிரையைப் பாடும் கவிஞர்கள் அதன் காலில் பிற்கால இரும்பை அடிக்காதிருத்தல் வேண்டும். அந்தக் குளம்பொலி கணகணவென்று ஒலித்திராது. காய்ந்த செம்மண்ணில் பறையடி போல் அடங்கி முழங்கியிருக்கும். அவ்வொலியைத் தமிழில் பிடித்துத் தருவது இம்மண்ணின் கவிஞர்கள் ஏற்கவேண்டிய பணி.