டீசல் லாரி எஞ்சினின் குளிர்விப்பு: வரலாறும் பராமரிப்பும்

எஞ்சினுக்குள் எரியும் டீசலின் ஆற்றல் முழுவதும் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேலையாக மாறுகிறது, ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது, மீதி குளிர்விக்கும் நீருக்குச் செல்கிறது என்று பழைய பாடநூல்கள் கணக்குச் சொல்லும். இன்றைய எஞ்சின்களில் நீருக்குச் செல்லும் பங்கு குறைந்துள்ளது. ஆனாலும் அந்த வெப்பம் வெளியேறாவிட்டால் பிஸ்டன் விரிந்து லைனரைப் பிடித்துக்கொள்ளும். சிலிண்டர் ஹெட் வளையும். ஹெட் கேஸ்கட் எரியும். இவை நிகழச் சில நிமிடங்கள் போதும்.

ரேடியேட்டரில் எந்த நீரையும் ஊற்றலாம் என்ற எண்ணம் நம்மிடையே இன்றும் உண்டு. இது வெறும் அறியாமையால் வந்தது அன்று. ஒரு காலத்து எஞ்சின்களுக்கு அதுவே பொருத்தமான வழியாக இருந்தது. எஞ்சின் மாறிய பிறகும் பழக்கம் மாறாமல் நின்றதால்தான் இழப்புகள் தொடங்கின.

கொதித்துத் தீர்ந்த நீர்

கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில், நீர் சிலிண்டரைச் சுற்றி நின்று சூடேறி ஆவியாகிப் போகும். போனதை மீண்டும் ஊற்ற வேண்டும். 1888-இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் அந்த வண்டியில் சென்றார். வழியில் கிடைத்த இடங்களிலெல்லாம் நீர் பிடித்து ஊற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. நீர் சேர்ப்பது அன்று பழுது பார்க்கும் வேலை அன்று; எரிபொருள் நிரப்புவது போன்ற அன்றாட வேலை.

நீரை வீணாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வழி செய்தவர்களுள் முதன்மையானவர் வில்ஹெல்ம் மைபாக். 1900-இன் இறுதியில் உருவான 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காருக்கு அவர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். அதில் 6 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரக் குழாய்கள் 8,070 இருந்தன. குழாய்களுக்குள் காற்று செல்லும். அவற்றின் இடைவெளிகளில் நீர் ஓடும். குளிரும் பரப்பு பெருகியதால் குறைந்த நீரே போதுமானதாயிற்று. இன்றைய லாரியின் முகப்பிலுள்ள ரேடியேட்டரின் வடிவம் மாறியிருந்தாலும் தத்துவம் அதேதான். அந்த மெல்லிய இடுக்குகளில் பூச்சியும் புழுதியும் வைக்கோல் தூசியும் அடைத்தால் குளிரும் பரப்பு சுருங்கும் என்பதும் அன்றே தொடங்கிய தொல்லை. இதற்கு எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான அழுத்தத்தில் நீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கி வழியை அடைத்துவிடும்.

நீர்ச் சட்டை இல்லாத முதல் டீசல்

இங்கே மாணவர்கள் கவனிக்கத்தக்க ஒரு முரண் உண்டு. ருடால்ஃப் டீசல் 1893-இல் தம் கோட்பாட்டை நூலாக வெளியிட்டபோது, தம் எஞ்சினுக்கு நீர்க் குளிர்விப்பே தேவைப்படாது என்று கருதினார். நீர் எடுத்துச் செல்லும் வெப்பம் அவர் பார்வையில் இழப்பு. அதைத் தவிர்ப்பதே அவர் நோக்கம். அதே ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிப் பார்த்த முதல் சோதனை எஞ்சினில் சிலிண்டரைச் சுற்றி நீர்ச் சட்டை இல்லை. ஆனால் 1897-இல் வெற்றிகரமாக ஓடி, 26 விழுக்காட்டுக்குச் சற்று மேலான பயனுறு திறனைக் காட்டிய எஞ்சின் நீரால் குளிர்விக்கப்பட்டது. கணக்கில் வேண்டாததாகத் தெரிந்த நீர் பட்டறையில் தவிர்க்க முடியாததாயிற்று.

டீசல் எஞ்சின் லாரிக்குள் வர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1923-இல் பென்ஸ் நிறுவனமும், 1924-இல் எம்.ஏ.என். நிறுவனமும் டீசல் லாரிகளைக் கொண்டுவந்தன.

எல்லோரும் நீரை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. செக்கோஸ்லோவாக்கியாவின் டாட்ரா நிறுவனம் 1940-களில் 12 சிலிண்டர் டீசல் லாரியைக் காற்றாலேயே குளிர்வித்தது. ஜெர்மனியின் மகிரஸ்-டாய்ட்ஸ் லாரிகளும் அவ்வழியில் சென்றன. உறைபனியிலும் பாலைவனத்திலும் அவை நன்றாக உழைத்தன. இருப்பினும் பெரும்பாலான லாரிகள் நீரை விடவில்லை.

பம்ப், தெர்மோஸ்டாட், மூடி

தொடக்க கால வண்டிகள் பலவற்றில் நீரை ஓட்ட பம்ப் கிடையாது. சூடான நீர் மேலேறும், குளிர்ந்தது கீழிறங்கும் என்ற வெப்பச்சலனமே நீரைச் சுற்றவைத்தது. பளு கூடியபோது அது போதவில்லை. பெல்ட்டால் சுழலும் வாட்டர் பம்ப் வந்தது. அதனுடன் பெல்ட்டின் இறுக்கத்தைப் பார்க்கும் வேலையும் வந்தது. பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து நீர் கசிந்தால் உள்ளேயிருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. கசிவு அப்போது கண்ணுக்குத் தெரியாமல் பேரிங்குக்குள் போகும்.

மெழுகு வகைத் தெர்மோஸ்டாட் 1930-களில் உருவானது. மெழுகு உருகும்போது விரிந்து வால்வைத் திறக்கும். எஞ்சின் சூடாகும் வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் சுற்றுவழியில் அனுப்புவதே இதன் வேலை. நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று கழற்றி எறிந்துவிடுவது லாரிப் பட்டறைகளில் நெடுநாள் வழக்கமாக இருந்தது. பல எஞ்சின்களில் இதன் விளைவு நேர்மாறானது. தெர்மோஸ்டாட் திறக்கும்போதே சுற்றுவழியை அடைப்பதும் அதன் வேலை. அது இல்லாவிட்டால் சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே எஞ்சினுக்குத் திரும்பும். ஏற்றத்தில் எஞ்சின் முன்னைவிட அதிகமாகச் சூடாகும். சமவெளியில் பளுவின்றி ஓடும்போதோ எஞ்சின் தேவையான சூட்டை அடையாமல் டீசலைக் கூடுதலாகக் குடித்து, லைனரையும் தேய்க்கும்.

ரேடியேட்டர் மூடி பலரும் மதிக்காத உறுப்பு. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தில் 93 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். மூடிய அமைப்பில் வளிமண்டலத்துக்கு மேலாக ஏறத்தாழ இன்னொரு வளிமண்டல அழுத்தம் சேர்ந்தால் கொதிநிலை 120 டிகிரியை எட்டும். பிரஷர் குக்கரின் தத்துவம் இதுதான். மூடியின் ஸ்பிரிங்கோ ரப்பரோ கெட்டால் இந்த இருபது டிகிரிப் பாதுகாப்பும் போய்விடும். சூடான எஞ்சினின் மூடியைத் திறந்தால், அழுத்தம் நீங்கிய நீர் அந்தக் கணமே ஆவியாகி முகத்தில் அடிக்கும். துணியைச் சுற்றிக்கொண்டு திறப்பது பாதுகாப்பு ஆகாது. எஞ்சின் ஆறும் வரை காத்திருப்பது ஒன்றே வழி.

தமிழகச் சாலைகளில்

1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் சென்னையை அடுத்த எண்ணூரில் இயங்கியது. 1950-களில் லேலண்ட் காமெட் லாரிகளைப் பொருத்தத் தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்றது. ஜாம்ஷெட்பூரிலிருந்து டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரிகள் 1954 முதல் வந்தன. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களின் லாரித் தொழில் இவ்விரு வகை வண்டிகளைக் கொண்டே பெரிதும் வளர்ந்தது.

தொப்பூர் கணவாயிலும், 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையிலும் முழுப் பாரத்துடன் ஏறும் லாரி தாழ்ந்த கியரில் மெல்ல ஊர்ந்து செல்லும். எஞ்சின் முழு வெப்பத்தை வெளியிடும் அந்த நேரத்தில்தான் எதிர்க்காற்று மிகக் குறைவு. ஏற்றத்தில் ஓரங்கட்டி, எஞ்சினை ஆறவிட்டு, கிளீனர் கேனில் கொண்டுவந்த நீரை ஊற்றுவது இதனால்தான். அன்றைய எஞ்சின்கள் அதைத் தாங்கின. வார்ப்பிரும்பு கனமாக இருந்தது, குதிரைத்திறன் குறைவு, செம்பும் பித்தளையும் கலந்த ரேடியேட்டர் அடைத்தால் மேல்தொட்டியை ஈயப்பற்று உருக்கிப் பிரித்து, கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து மீண்டும் ஒட்டுவார்கள்.

ஆனால் அப்போதும் நீர் தன் வேலையைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. நம் கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் பல இடங்களில் கடின நீர். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளை உப்புதான் லைனரின் வெளிப்புறத்திலும் படியும். வார்ப்பிரும்பைவிடப் பல பத்து மடங்கு குறைவாக வெப்பத்தைக் கடத்தும் படிவு அது. உள்ளே சிலிண்டர் கொதித்துக்கொண்டிருக்க, நீரை அளக்கும் மீட்டர் முள் மட்டும் அமைதியாக நிற்பதும் உண்டு.

குமிழ்கள் துளைத்த லைனர்

பழைய பழக்கத்தை உண்மையில் தோற்கடித்தது உப்புப் படிவு அன்று, குமிழ். கனரக டீசல் எஞ்சின்கள் பலவற்றில் லைனரின் வெளிப்புறம் நேரடியாக நீரில் நிற்கும். இதை வெட் லைனர் என்பர். எரிப்பின் அடியில் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் மோதும்போது லைனர் மணி போல அதிரும். அதிர்வில் சுவர் நீரைவிட்டு விலகும் கணத்தில் அழுத்தம் குறைந்து நீராவிக் குமிழ்கள் தோன்றும். சுவர் திரும்பும் கணத்தில் அவை நொறுங்கும். கப்பல்களின் உந்துவிசிறிகள் அரிக்கப்பட்ட சிக்கலையொட்டி, இப்படி நொறுங்கும் குமிழ் எவ்வளவு பெரிய அழுத்தத்தை உண்டாக்கும் என்று 1917-இல் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டியிருந்தார். அதே அரிப்பு லாரி எஞ்சினுக்குள்ளும் நடந்தது.

டர்போசார்ஜர் வந்து எரிப்பழுத்தம் உயர உயர இது பெருகியது. லைனரின் ஒரு பக்கத்தில், மேலிருந்து கீழாக ஒரு வரிசையில், ஊசியால் குத்தியது போன்ற குழிகள் விழும். ஒரு குழி துளையாகிவிட்டால் நீர் ஆயிலில் கலந்து அது பால் போல வெளுக்கும். இரவில் சிலிண்டருக்குள் நீர் தேங்கி, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடு வளைவதும் உண்டு. அழுக்கில்லாத நீரை ஊற்றினாலும் இதைத் தடுக்க முடியாது.

தடுப்பது நீரில் கரைந்திருக்கும் மருந்து. நைட்ரைட் போன்ற உப்புகள் இரும்பின்மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கும். குமிழ் அந்தப் படலத்தைத் தாக்கும், படலம் மீண்டும் உருவாகும். இதில் மருந்து செலவாகிக்கொண்டே இருப்பதால் இடையிடையே சேர்க்க வேண்டும். கமின்ஸ் போன்ற நிறுவனங்களின் எஞ்சின்களில் நீருக்கென்றே தனி ஃபில்டர் வைத்து, அதிலேயே மருந்தையும் அடைத்துத் தந்தார்கள். அளவு போதுமா என்று பார்க்க, லிட்மஸ் தாள் போல நிறம் மாறும் சோதனைத் தாள்கள் உள்ளன. கூடினால் நல்லதுதானே என்று இரு மடங்கு ஊற்றுவதும் தவறு. கரையாத மிச்சம் பசையாகி ரேடியேட்டர் குழாயை அடைக்கும்.

பனி பெய்யாத ஊரில் ஆன்டிஃப்ரீஸ்

குளிர் நாடுகளில் நீர் உறைந்து எஞ்சின் பிளாக் வெடிப்பதைத் தடுக்கவே எத்திலீன் கிளைக்கால் வந்தது. அடால்ஃப் வூர்ட்ஸ் 1850-களில் ஆய்வகத்தில் உருவாக்கிய இப்பொருளை, 1927-இல் பிரஸ்டோன் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்கத் தொடங்கினார்கள். பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் −37 டிகிரி வரை உறையாது. சேலத்து லாரிக்கு இதனால் என்ன பயன்? கொதிநிலை சில டிகிரி உயர்கிறது. அரிப்பைத் தடுக்கும் மருந்துகளும் அதே கலவையில்தான் வருகின்றன. கிளைக்காலைத் தனியாக ஊற்றினால் நீரைவிடக் குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும். அது சுமார் −13 டிகிரியிலேயே உறைந்தும் விடும். எனவே குறிப்பேட்டில் சொன்ன விகிதத்தில், உப்பு நீக்கிய நீருடன் கலக்க வேண்டும். இனிப்புச் சுவையுள்ள நஞ்சு இது. பழைய கூலன்டைத் தரையில் வடித்துவிட்டுப் போனால் நாயோ குழந்தையோ நக்கிவிடக்கூடும்.

1990-களில் கரிம அமிலங்களைக் கொண்ட நீண்டநாள் கூலன்ட்கள் வந்தன. இவற்றின் மருந்து மெதுவாகவே செலவாகும். ஆனால் பழைய வகையோடு கலந்தால் அந்த நீண்ட ஆயுள் போய்விடும். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறங்களை நம்பக் கூடாது. நிறத்துக்குப் பொது விதி எதுவும் இல்லை. டப்பாவில் அச்சிட்ட தர எண்ணையே பார்க்க வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள பி.எஸ். 6 விதிகளுக்காக, புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் அமைப்பு பல லாரிகளில் உள்ளது. அந்தப் புகையைக் குளிர்விப்பதும் இதே நீர்தான். அந்தச் சிறு குளிர்விப்பானின் குழாய் அரித்துத் துளை விழுந்தால் கூலன்ட் புகைக்குழாய் வழியே ஆவியாகப் போய்விடும். கீழே ஒரு சொட்டும் காணாது. கசிவே தெரியாமல் வாரந்தோறும் அளவு குறைந்துகொண்டு வந்தால், ஊற்றி நிரப்பிக்கொண்டே ஓட்டாமல் முதலில் அதைத்தான் சோதிக்கச் சொல்ல வேண்டும்.