கிரனாடாவின் பேனாவில் மதுரை

மதுரையையும் ஸ்பெயினின் கிரனாடாவையும் ஒரே நூலில் பதிந்து வைத்தவர் இபின் பதூதா, மொராக்கோக்காரர். 1340களின் தொடக்கத்தில் மதுரை சுல்தான் கியாசுத்தீன் தம்கானியிடம் வந்திருந்தார். 1350 வாக்கில் கிரனாடா போனார். அங்கே ஒரு தோட்டத்தில் அவர் சொன்ன பயணக் கதைகளைக் கேட்டிருந்தவர்களில் ஒருவர் அவ்வூர்க் கவிஞர் இபின் ஜுஸாய். பின்னால் ஃபெஸ் நகரில் பயணி சொல்லச் சொல்ல நூலாக எழுதியவரும் அவரே. நம் ஊரின் அந்த நாட்கள் நமக்குக் கிடைத்திருப்பது ஒரு கிரனாடாக்காரரின் பேனா வழியாக.

கிரனாடாவுக்கு நூலில் தோட்டங்கள் வாய்த்தன. இந்தியாவிலிருந்து போய் அங்கேயே தங்கிவிட்ட இரண்டு பக்கிரிகளும்கூட. மதுரைக்கு தில்லியைப் பார்த்து அமைத்த அகன்ற வீதிகள், ஓரிரு வரி. மற்றதெல்லாம் சாவு. கொள்ளைநோய். காட்டில் பிடிபட்டவர்களை அவர்களே சுமந்து வந்த கழுமரங்களில் ஏற்றியது. பெண்டு பிள்ளைகளையும் விடாதது. ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளனின் தோலில் வைக்கோல் திணித்து மதில்மேல் தொங்கவிட்டது. மீனாட்சி கோயிலைப் பற்றிப் பேச்சே இல்லை.

இப்பக்கங்களை மதத் துவேஷத்துக்கு எடுத்தாள்வோரும், சங்கடப்பட்டுத் தாண்டிப் போவோரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. தம்கானி இவருக்குச் சகலை. இருவரும் அஹ்ஸன் ஷாவின் மருமகன்கள். மதமும் ஒன்றே. இருந்தும் அந்தச் செயலை அருவருத்து, அதனாலேயே இறைவன் அவனைச் சீக்கிரம் சாகவிட்டான் என்கிறார். தலபுராணத்தையே சரித்திரமாகப் படித்துப் பழகிய நமக்கு, சொந்தக்காரனைப் பற்றிய இந்த நேர்மை புதிது. கோயிலைக் காணாத கண் என்று அவரை ஒதுக்கிவிடலாம்தான். கழுமரத்தைக் கண்டு சொன்னதும் அதே கண்.