இருங்காட்டுக்கோட்டையில் முளைத்த உறவுகள்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் தமிழருக்கும் கொரியருக்கும் பழக்கம் ஏற்பட்ட கதை 1996இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மே மாதம் ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம் உருவானது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுந்தது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ கார் விற்பனைக்கு வந்தது. அரசின் கணக்கில் இது முதலீடு, வேலைவாய்ப்பு, ஏற்றுமதி. எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாத வரவு ஒன்றும் உண்டு. வேறெந்த வழியிலும் சந்தித்திருக்க வாய்ப்பில்லாத மனிதர்கள் ஒருவருக்கொருவர் அறிமுகமானார்கள்.

அதற்கு முன் இது ஏரிப்பாசன ஊர்களின் பூமி. ஸ்ரீபெரும்புதூர் 1017இல் ராமானுஜர் பிறந்த தலம் என்று வைணவர்களுக்குத் தெரியும். 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடம் என்று உலகத்துக்கே தெரியும். கொரிய நிறுவனம் இங்கே வந்ததற்கு இந்த இரண்டுமே காரணமல்ல. துறைமுகம் பக்கம், 1971இல் தொடங்கிய, மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் நிலம் ஒதுக்கித் தந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக, பாடியிலும் அம்பத்தூரிலும் மோட்டார் உதிரிபாகம் செய்யத் தெரிந்த கைகள் ஏற்கெனவே இருந்தன. டி.வி.எஸ். குழுமமும் ராணேயும் அவற்றைச் சுற்றி வளர்ந்த சிறு பட்டறைகளும் பல பத்தாண்டுகளில் சேர்த்த திறமை அது.

கார் ஆலை தனியாக வருவதில்லை. இருக்கை, கதவுத் தகடு, குளிர்சாதனம், பிரேக் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வெண்டர் வேண்டும். ஹூண்டாயைத் தொடர்ந்து அதன் கொரிய வெண்டர்களும் இந்த வட்டாரத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கும் அச்சு வெட்டவும் கருவி தீட்டவும் உள்ளூர்ப் பட்டறைகள் தேவைப்பட்டன. மாதிரிப் பொருள் அளவில் பிசகினால் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் பட்டறைக்கே வந்து இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, பட்டறைக்காரருக்குக் கொரியம் தெரியாது, ஆங்கிலமோ இருவருக்கும் அரைகுறை. வரைபடமும் அளவுகோலும் எண்களும்தான் பொதுமொழி. மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைக் குறித்து இரண்டு பேர் நாளெல்லாம் வாதாடினால், ஒருவர் வேலையின் மீது மற்றவருக்கு மதிப்பு வருவது இயல்பு. தொழில் உறவின் அடித்தளம் இதுதான். விருந்தும் கைகுலுக்கலும் பிறகு வருபவை.

சொற்களும் புகுந்தன. கொரியர்கள் வேலையிடத்தில் ஓயாமல் சொல்லும் சொல் ‘பல்லி பல்லி’. அதற்குச் சீக்கிரம் சீக்கிரம் என்று பொருள். சுவரில் சொல்லும் பல்லிக்குச் சகுனம் பார்க்கும் ஊரில் இந்தச் சொல் எப்படிக் காதில் விழுந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதைவிட வியப்பானவை வீட்டுச் சொற்கள். தகப்பனைக் கொரியக் குழந்தையும் ‘அப்பா’ என்றே கூப்பிடும்; தாய்க்கு ‘ஒம்மா’. புல்லுக்கு ‘புல்’, நாளுக்கு ‘நல்’, நான் என்பதற்கு ‘நா’. வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வைப்பதும், சொல்லோடு விகுதிகளை ஒட்டிக்கொண்டே போவதும் இரு மொழிக்கும் பொது.

இதைக் கவனித்தவர்களில் கார்த் தொழிற்சாலைக்காரர்கள் முதலாமவர்கள் அல்லர். 1886இல் ஆசிரியராகக் கொரியா சென்ற அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கண நூலை 1905இல் சியோலில் வெளியிட்டார். திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்லின் திராவிட ஒப்பிலக்கணம் 1856இல் அச்சேறி அப்போது அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. இருங்காட்டுக்கோட்டைக்கு முதல் கொரியர் வருவதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, காகிதத்தில் இந்த இரு மொழிகளும் சந்தித்துவிட்டன. இரு நாட்டையும் இணைக்கும் பழங்கதையும் உண்டு: கொரியாவின் 13ஆம் நூற்றாண்டு நூலான ‘சம்குக் யுசா’, அயுத்தா என்ற நாட்டிலிருந்து கடல்வழி வந்து சூரோ மன்னனை மணந்த இளவரசியைப் பற்றிச் சொல்கிறது. அயுத்தா அயோத்தியே என்பது பரவலான விளக்கம். தமிழகக் கடற்கரையே என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் மொழியியலாளர்கள் பெரும்பாலும் இரு மொழிகளுக்கும் இனவுறவு இருப்பதை ஏற்பதில்லை. குழந்தை வாயில் ‘ப’வும் ‘ம’வும் எல்லா நாட்டிலும் எளிதாக வரும். ஆராய்ச்சி முடிவு எதுவானாலும் பேச்சைத் தொடங்க ‘அப்பா’ போதும். பழக்கத்தின் வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு.

2006இல் சென்னையில் இன்கோ மையம் என்ற இந்திய–கொரியப் பண்பாட்டு நிறுவனம் தொடங்கியது. கொரிய மொழி வகுப்பு, ஓவியம், திரைப்படம் என்று அதன் வேலை விரிந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் கொரிய எழுத்தில் உணவகப் பலகைகள் தோன்றின. மொழிபெயர்ப்பாளர் என்பது ஒரு பிழைப்பாயிற்று. 2010இல் ரெனோ–நிசான் ஒரகடத்தில் உற்பத்தி தொடங்கியபோது ஜப்பானிய மொழிக்கும் அதே தேவை பெருகியது. ஆனால் அதற்குச் சென்னையில் ஆயத்தம் இருந்தது: ஜப்பானில் தொழிற்பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் கூடி அமைத்த ஏ.பி.கே.–ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் ஜப்பானிய மொழி கற்பித்துக்கொண்டிருந்தது. 2012இல் டைம்லரின் லாரி ஆலை வந்து ஜெர்மானியரும் சேர்ந்தார்கள்.

பொறியாளர்களைத் தாண்டி, எண்ணிக்கையில் பெரிய பழக்கம் ஒன்று பெண்களிடையே உண்டானது. 2006 தொடக்கத்தில் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி தயாரிக்கத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை செய்தார்கள். பெரும்பாலோர் பள்ளிப்படிப்போ டிப்ளமோவோ முடித்த இளம்பெண்கள். வெவ்வேறு மாவட்டம், வெவ்வேறு சாதி. ஊரில் இருந்திருந்தால் ஒரு தட்டில் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். இங்கே ஒரே லைன், ஒரே ஷிப்ட், ஒரே கம்பெனி பஸ், ஒரே அறை. ஊருக்குப் பணம் அனுப்புவதும் தங்கை கல்யாணக் கடனும் அறைத்தோழியோடு பேசித் தீர்க்கிற விஷயங்களாயின. அடுத்த வேலை எங்கே காலி என்ற செய்தியும் இந்த வழியில்தான் ஓடும். தொழிற்பேட்டையின் உண்மையான வேலைவாய்ப்பு அலுவலகம் இந்த அறைகள்தான் என்று சொல்வது மிகையல்ல.

வரித் தகராறில் சிக்கிய ஆலை, 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை வாங்கியபோது அந்த விற்பனையில் சேர்க்கப்படவில்லை. நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. கட்டடம் பூட்டிக் கிடந்த காலத்திலும் நுண்மின்னணுப் பாகங்களைக் கோத்துப் பழகிய கைகளும் அவற்றுக்கிடையே இருந்த பழக்கமும் இந்த வட்டாரத்தைவிட்டுப் போய்விடவில்லை. பின்னர் ஃபாக்ஸ்கான் இங்கே ஐபோன் தயாரித்தது. பூட்டிய நோக்கியா ஆலையை சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் 2019இல் வாங்க முன்வந்தது.

விடுதிப் பழக்கத்தின் வலு 2021 டிசம்பரில் வெளியே தெரிந்தது. ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லி பக்கத்து விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸப்பில் வதந்தி பரவியது. தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சங்கம் கூட்டிய கூட்டம் அல்ல. ஒரே அறையில் படுத்து எழுந்த பழக்கம் கூட்டியது. 2024 ஆகஸ்ட் 17 அன்று இதே வட்டாரத்தின் வல்லம் வடகாலில், இத்தகைய பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது.

அதே ஆண்டு கொரிய உறவு வேறொரு வடிவம் எடுத்தது. ஜூலையில் கொரியாவின் சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. செப்டம்பர் 9 அன்று, 2007 முதல் இயங்கும் சாம்சங்கின் ஸ்ரீபெரும்புதூர் ஆலைத் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தினார்கள். முதலாவது கோரிக்கை தங்கள் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பது. 37 நாளுக்குப் பின் அக்டோபர் 15 அன்று போராட்டம் முடிந்தது. 1996இல் பழக்கம் மேலாளருக்கும் வெண்டருக்கும் இடையில் தொடங்கியது. இப்போது இரு நாட்டுத் தொழிலாளரும் ஒரே முதலாளியிடம் ஒரே ஆண்டில் ஒரே வகைக் கேள்வியைக் கேட்டிருந்தார்கள். உயர் நீதிமன்றம் வரை சென்ற வழக்குக்குப் பிறகு, 2025 ஜனவரியில் சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம் பதிவு பெற்றது.