உச்சி வேளையும் உச்ச நேரமும்

சாலை நிலவரம் சொல்லும்போதெல்லாம் ‘உச்ச நேரம்’ என்கிறோமே, அது எப்படி வந்த சொல்? இன்றைய கலந்துரையாடலை அதிலிருந்தே தொடங்குவோம்.

ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு பெயர்கள். ஒன்று ‘ரஷ் ஹவர்’. டிராமும் ரயிலும் பெருகிய 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய பெயர் இது. ‘ரஷ்’ என்றால் விரைந்து ஓடுவது. நாமோ ‘பஸ் ஒரே ரஷ்’ என்று கூட்டத்தைத்தான் சொல்கிறோம். மற்றொன்று ‘பீக் ஹவர்’. பயணிகளின் எண்ணிக்கையை மணிவாரியாகக் கோடு போட்டால், காலையிலும் மாலையிலும் அது சிகரம் போல் எழும். அந்தச் சிகரம்தான் ‘பீக்’. மலாயில் ‘வக்து புஞ்சாக்’ என்பதும் சிகர நேரமே.

தமிழருக்கு ‘உச்சி வேளை’ என்பது பழைய சொல். சூரியன் தலைக்கு மேல் நிற்கும் நண்பகல் அது. கோயிலில் உச்சிக்கால பூசையும் உண்டு. ஆனால் ‘உச்ச நேரம்’ நண்பகலில் வருவதில்லை. அதைச் சூரியன் குறிக்கவில்லை, அலுவலகக் கடிகாரம் குறிக்கிறது.

இந்த மாற்றத்தைப் பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் பார்க்கலாம். முன்பு இதன் பெயர் பிட் ஸ்திரீட். 1801-இல் எழுந்த பள்ளிவாசல் இங்கே இருக்கிறது. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்கு இன்றும் கூட்டம் நிறைகிறது. இந்தச் சாலையின் பழைய உச்ச நேரம் உண்மையிலேயே உச்சி வேளைதான்!

அக்காலத்தில் கீழே கடை, மேலே வீடு. பக்கத்தில் பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள். கணக்கு எழுதிய இடத்திலேயே படுக்கையும். வேலைக்குப் போக வண்டி எதற்கு?

பிறகு ஊர் விரிந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சார டிராம் வந்தது. 1972-இல் பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை தொடங்கியது. 1985-இல் பினாங்கு பாலம் திறக்கப்பட்டது. அக்கரையில் குடியிருந்து இக்கரையில் வேலை செய்வது எளிதானது.

இன்னொரு காரணத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 1999 இறுதியோடு அந்தப் பாதுகாப்பு முடிந்தது. வாடகை ஏறியதும் தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் பல வெளியேறின. 2008-இல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. கட்டடங்களுக்குப் பெருமை வந்தது, ஆனால் அங்கே வாழ்ந்தவர்கள் பலர் அதற்குள் தூரமாய்ப் போய்விட்டார்கள்.

நடந்தே வேலைக்குப் போன குடும்பத்துப் பிள்ளை இன்று பாலத்தில் காத்துக் கிடக்கிறான். உச்ச நேரம் என்றால் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே வளர்ந்துவிட்ட தூரம் என்றே பொருள் சொல்லத் தோன்றுகிறது. சாலையை மட்டும் அகலப்படுத்தினால் அது குறையுமா? நகருக்குள் சாமானியனுக்கும் ஒரு வீடு வேண்டாமா? யோசிப்போம் நேயர்களே.