திரும்பி வருவாயா?

போன வாரம் பேரன் கணினி முன் உட்கார்ந்து, அமெரிக்க மாணவர் விசாவுக்கான டி.எஸ்-160 படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். அடுத்தது சென்னையில் நேர்காணல். "தாத்தா, படிப்பு முடிஞ்சதும் ஊருக்குத் திரும்பி வருவியான்னு கேப்பாங்களாம். என்ன சொல்றது?" என்றான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இதே கேள்வியை 1969-இல் என் அண்ணனிடம் கேட்டார்கள். அன்று அவருக்குத் துணையாகக் கும்பகோணத்திலிருந்து நானும் ரயிலேறிப் போயிருந்தேன். இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. எங்கள் குடும்பத்திலும் அதற்கு ஒரு கதை உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

கும்பகோணத்துக்காரன் என்பதால் ராமானுஜத்திலிருந்து தொடங்குகிறேன். 1914 மார்ச் 17-ஆம் தேதி அவர் சென்னைத் துறைமுகத்தில் நெவாசா கப்பலில் ஏறினார். விசா என்ற பேச்சே கிடையாது. பாஸ்போர்ட்டும் தேவைப்படவில்லை. பிரிட்டிஷ் பிரஜை ஒருவர் பிரிட்டனுக்குப் போகிறார், அவ்வளவுதான். அவருக்கு இருந்த தடைகள் வேறு. ஒன்று, கடல் கடக்கக் கூடாது என்ற சாதிக் கட்டுப்பாடு, இன்னொன்று பணம். முதலாவது, அம்மா சம்மதித்ததும் விலகியது. இரண்டாவதைச் சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை தீர்த்தது. சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. போர்க்காலத்துக்கு என்று வந்த பாஸ்போர்ட் கட்டுப்பாடு, போர் முடிந்த பிறகும் போகவே இல்லை.

அமெரிக்காவின் கதை வேறு மாதிரி. 1917-இல் அவர்கள் போட்ட சட்டம், இந்தியா உட்பட ஆசியாவின் பெரும் பகுதியிலிருந்து யாரும் குடியேறக் கூடாது என்றது. ஆனால் மாணவர்களுக்கு விலக்கு கொடுத்தது. 1924-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விலக்குக்கு நிபந்தனைகள் போட்டது. மாணவருக்கு 15 வயதாவது ஆகியிருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையத்தில் சேர வேண்டும், படிப்பதற்காக மட்டுமே வர வேண்டும். இன்று நாம் சொல்லும் எஃப் விசா 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. மாணவருக்குச் சொந்த நாட்டில் வீடு இருக்க வேண்டும், அதைக் கைவிடும் எண்ணம் அவருக்கு இருக்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். அதே சட்டத்தின் 214(பி) பிரிவு, விசா கேட்டு வருபவர் அங்கேயே தங்கிவிட வருபவர் என்றுதான் அதிகாரி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அப்படி இல்லை என்று காட்டுவது கேட்பவரின் பொறுப்பு. பேரனைப் பயமுறுத்தும் கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

அண்ணன் காலத்தில் நம் பக்கத்திலும் கதவுகள் இருந்தன. 1967 வரை பாஸ்போர்ட் கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம். அந்த ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வெளிநாடு செல்வதும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று தீர்ப்புச் சொன்னது. ஐந்து நீதிபதிகளில் மூவர் ஒருபக்கம், இருவர் மறுபக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பைத் தந்தவர் தலைமை நீதிபதி சுப்பாராவ். அதன் பிறகுதான் ஜூனில் பாஸ்போர்ட் சட்டம் வந்தது.

அடுத்தது டாலர். 1966 ஜூன் 6-ஆம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். 4 ரூபாய் 76 காசுக்குக் கிடைத்த டாலர் ஒரே நாளில் 7 ரூபாய் 50 காசு ஆனது. அதையும் நினைத்தபடி வாங்க முடியாது. விமான டிக்கெட் எடுக்கவே பி படிவத்தில் ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். பின்னாளில் நான் வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் உட்கார்ந்தபோது, இந்தப் படிவங்களோடு எதிரில் நின்ற பையன்களின் முகத்தில் அண்ணன் முகம்தான் தெரியும்.

அண்ணனுக்கு அங்கே பல்கலைக்கழகத்திலேயே உதவித்தொகை கிடைத்திருந்தது. விமானக் கட்டணத்துக்கு அப்பா இரண்டு மா நிலத்தை அடமானம் வைத்தார். மவுண்ட் ரோட்டில் தூதரகக் கட்டடம் அப்போதுதான் திறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஜெமினி மேம்பாலம் அப்போது கிடையாது. நான் வெளியே மர நிழலில் நின்றேன். திரும்பி வந்த அண்ணன், "திரும்பி வருவியான்னு கேட்டாங்கடா. கண்டிப்பா வருவேன்னு சொன்னேன்" என்றார். ஊருக்கு வந்ததும் அதை அப்பாவிடமும் சொன்னார். எட்டு டாலரோடு விமானம் ஏறினார்.

அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அதற்குள் அந்த நாட்டில் இன்னொரு கதவு திறந்திருந்தது. அதுவரை இந்தியாவிலிருந்து குடியேற ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் இடம். 1965-இல் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம், 1968-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, ஒரு நாட்டுக்கு 20,000 வரை இடம் கொடுத்தது. படித்தவர்களுக்கும் தொழில் தெரிந்தவர்களுக்கும் அதில் தனி இடம். போனபோது மாணவர், படித்து முடித்தபோது அவர்களுக்கு வேண்டியவர். அண்ணனுக்கு வேலை கிடைத்தது, கிரீன் கார்டும் கிடைத்தது.

பணம் அனுப்பி நிலத்தை மீட்டுக் கொடுத்தார். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்பா கடைசிவரை, "அவன் வரேன்னு சொல்லிட்டுத்தானே போனான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1977-இல் அவர் காலமானபோது தந்தி கொடுத்தோம். கொள்ளி வைத்தவன் நான். அண்ணன் கருமாதிக்குத்தான் வந்து சேர முடிந்தது. அந்தக் கோபம் எனக்குள் பல வருஷம் இருந்தது.

இந்தச் சட்டங்களையெல்லாம் ஓய்வுக்குப் பிறகு தேடிப் படித்தபோதுதான் ஒன்று புரிந்தது. தூதரகத்தில் கேட்ட கேள்வி அந்த நாட்டின் எல்லையைக் காக்க. அன்று அவர் மனதில் என்ன எண்ணம் இருந்தது என்பதே அந்தக் கேள்வி. அப்பா அதைத் தனக்குக் கொடுத்த வாக்காக எடுத்துக்கொண்டார். இருபத்திரண்டு வயதுப் பையனால் ஒரே பதிலில் இரண்டையும் எப்படிக் காப்பாற்ற முடியும்?

பேரனிடம் சொன்னேன்: "இன்னைக்கு உன் மனசுல என்ன இருக்கோ அதைச் சொல்லு, மனப்பாடம் பண்ணாதே. எங்களுக்கு நீ எந்த வாக்கும் கொடுக்க வேண்டாம். ஆனா ஞாயித்துக்கிழமை போன் பண்ணு."

தலையாட்டிவிட்டு அடுத்த சந்தேகத்தைக் கேட்டான். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன போடுவது? நமக்கு ஏது குடும்பப் பெயர், இனிஷியல்தானே! "பாஸ்போர்ட்ல இருக்கிறபடி அப்பா பேரைப் போடு" என்றேன். அண்ணனும் அப்படித்தான் போட்டார். ஐம்பது வருஷமாக அந்த ஊரில் அவரை எல்லோரும் எங்கள் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அன்று ராத்திரி அண்ணனுக்குப் போன் போட்டு அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை.